கால்சியம் ஸ்கோர் 142: எத்தனை சதவீதம் அடைப்பு?

திருமங்கலத்தான்:
எனக்கு வயது 48. என் அண்ணன் போன ஆவணியில் மாரடைப்பில் போய்விட்டார். அவருக்கு 52. முந்தின நாள் சாயங்காலம்கூட வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சிவிட்டு வந்தவர். கருமாதி முடிந்ததிலிருந்து மதினி என்னைப் பார்க்கும்போதெல்லாம், "தம்பி, நீங்களாவது ஒரு தடவை பாத்துருங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். டாக்டர் எழுதிக் கொடுக்க, போன வாரம் சிடி எடுத்தேன். ஊசி ஏதும் போடவில்லை, பத்து நிமிடத்தில் முடிந்தது. ரிப்போர்ட்டில் கால்சியம் ஸ்கோர் 142 என்று இருக்கிறது. எல்.ஏ.டி. என்ற இடது தமனிக் கிளையில் 118, வலது தமனியில் 24, மற்றவை சைபர்.

நெஞ்சுவலி இல்லை, மாடி ஏறினால் மூச்சு வாங்குவதில்லை, சுகர் இல்லை, புகைப்பழக்கமும் இல்லை. 142 என்றால் எத்தனை சதவீதம் அடைப்பு? உடனே ஆஞ்சியோ செய்ய வேண்டுமா? டாக்டரைச் செவ்வாய்க்கிழமைதான் பார்க்க முடியும். அதுவரை ராத்திரி தூக்கம் வராது போலிருக்கிறது.

சிடி அறை செல்வி:
தம்பி, நான் 26 வருடம் சிடி அறையில் டெக்னீஷியனாக இருந்தவள். அந்த எண் சதவீதம் இல்லை. குழாய் எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்று அது சொல்லாது. குழாயின் சுவரில் எவ்வளவு சுண்ணாம்பு படிந்திருக்கிறது என்பதன் கணக்கு அது, அவ்வளவுதான்.

படத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் அடர்த்தி எண் உண்டு. தண்ணீருக்கு 0, காற்றுக்கு மைனஸ் 1000. இதயக் குழாயில் 130ஐத் தொட்டால் அதைச் சுண்ணாம்பு என்று எடுத்துக்கொள்வோம். 200க்குக் கீழே இருந்தால் ஒன்றால், 200 முதல் இரண்டால், 300 முதல் மூன்றால், 400 முதல் நான்கால் அதன் பரப்பளவைப் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டினால் ஸ்கோர். அமெரிக்காவில் ஆர்தர் அகட்ஸ்டன் என்ற இதய மருத்துவரும் அவருடன் இருந்தவர்களும் 1990இல் வெளியிட்ட முறை இது. நூறோடு நிற்காது, ஆயிரத்தைத் தாண்டியவர்களையும் பார்த்திருக்கிறேன்.

திரையில் இதயம் சாம்பல் நிறமாகத் தெரியும். எல்.ஏ.டி. இறங்குகிற இடத்தில் கோலமாவு சிந்தினாற்போல் வெள்ளையாக ஒரு கீற்று. அதை மவுஸால் சுற்றிக் குறிப்போம். அந்தக் குழாய்கள் கிளம்புகிற இடத்தில் மகாதமனியின் சுவரிலும் சுண்ணாம்பு இருக்கும், அதைச் சேர்த்துவிட்டால் கணக்கு கெட்டுப்போகும். அங்கே மட்டும் நான் எப்போதும் இரண்டு தடவை பார்ப்பேன்.

சரி, உங்கள் விஷயம். 48 வயதுக்கு 142 கூடுதல்தான். 100ஐத் தொட்டால் பொதுவாகக் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை தொடங்கச் சொல்வார்கள். அண்ணன் 52இல் போனதை டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். அப்பா, அண்ணன், தம்பி என்று யாருக்காவது 55க்குள் வந்திருந்தால் அதைத் தனியாகக் கணக்கில் எடுப்பார்கள். தொந்தரவே இல்லாதவர் இந்த எண்ணை மட்டும் வைத்து ஆஞ்சியோவுக்கு ஓட வேண்டியதில்லை. ஆனால் நெஞ்சு இறுக்கம், இடது கை அல்லது தாடை வலி, வேர்வை என்று வந்தால் செவ்வாய் வரை காத்திருக்காதீர்கள், உடனே 108ஐக் கூப்பிடுங்கள்.

இன்னொன்று. மாத்திரை ஆரம்பித்தபின் ஸ்கோர் குறைகிறதா என்று திரும்பத் திரும்ப ஸ்கேன் எடுக்காதீர்கள். மாத்திரை குழாய்ச் சுவரிலுள்ள மெத்தென்ற கொழுப்புப் படிவைக் கெட்டியாக்கும், அதனால் எண் ஏறவும் செய்யலாம். படிவு வெடிக்காமல் இருப்பதுதான் நமக்கு முக்கியம். எண் ஏறிவிட்டது என்று பயந்து, டாக்டரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தியவர்களைப் பார்த்து மனம் நொந்திருக்கிறேன்.

சிவகாசி ராணி:
செல்வி அக்கா சொன்னதோடு நானும் ஒன்று சொல்ல வேண்டும். என் வீட்டுக்காரருக்கு அப்போது 43. ஒரு நாளைக்கு ஒரு பாக்கெட் சிகரெட். வேகமாக நடந்தால் நெஞ்சில் கல்லை வைத்த மாதிரி இருக்கிறது என்பார். கால்சியம் ஸ்கோர் சைபர் வந்தது. இனிப்பு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். டாக்டர் மட்டும், "நடந்தால் அழுத்துகிறது என்கிறாரே, சைபரை நம்பி விட முடியாது" என்று சிடி ஆஞ்சியோ எடுக்கச் சொன்னார்.

அதற்குக் கையில் சாய மருந்து ஊசி உண்டு. சிறுநீரகம் சரியாக இருக்கிறதா என்று முன்பே ரத்தத்தில் கிரியாட்டினின் பார்த்தார்கள். நாடி 84 இருந்தது, மாத்திரை கொடுத்து ஒரு மணி நேரம் உட்கார வைத்து 60க்குக் கொண்டுவந்தார்கள். இதயம் வேகமாகத் துடித்தால் படம் கலங்கிவிடுமாம். நாக்குக்கு அடியில் ஒரு ஸ்பிரே. மருந்து ஏறும்போது உடம்பெல்லாம் சூடு பரவி, சிறுநீர் போய்விட்ட மாதிரி இருந்தது என்றார். எல்.ஏ.டி.யில் சுண்ணாம்பே இல்லாத படிவு, 80 சதவீதம். ஸ்டென்ட் வைத்து நான்கு வருடம் ஆகிறது. சிகரெட்டை விட்டுவிட்டார்.

திருமங்கலத்தான்:
அக்கா இருவருக்கும் நன்றி. இரண்டு பதிலையும் மதினிக்கு வாசித்துக் காட்டினேன். ஒரே ஒரு சந்தேகம். எங்கள் கடைசித் தம்பிக்கு 36. அவனையும் இந்த ஸ்கேன் எடுக்கச் சொல்லலாமா?

சிடி அறை செல்வி:
அந்த வயதில் பெரும்பாலும் சைபர்தான் வரும், அதைப் பார்த்துவிட்டு அலட்சியமாக இருந்துவிடுவார்கள். முதலில் பிபி, சுகர், வெறும் வயிற்றில் கொழுப்புப் பரிசோதனை மூன்றையும் பார்க்கட்டும். செவ்வாய்க்கிழமை அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். அண்ணனின் பழைய ரிப்போர்ட் ஏதாவது மதினியிடம் இருந்தால் அதையும் கையோடு எடுத்துப் போங்கள், தம்பி.