மாணவர் ரோபோவுக்கு எந்தக் கம்ப்ரஸர்?

கேள்வி:
கோவையில் பொறியியல் படிக்கும் நாங்கள், 12 வோல்ட் பேட்டரியில் ஓடும் போட்டி ரோபோவில், 20 மி.மீ. விட்டமும் 100 மி.மீ. வீச்சும் (தண்டு நகரும் தூரம்) உடைய காற்றழுத்தச் சிலிண்டரை 4 பார் அழுத்தத்தில் ஆட்டத்துக்கு 30 முறை இயக்க வேண்டும். கார் டயருக்குக் காற்றடிக்கும் சிறு கம்ப்ரஸர் போதுமா?

மறுமொழி 1:
தம்பி, கணபதியில் பட்டறை வைத்திருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். முதலில் காற்றுக் கணக்கைப் போடுங்கள். சிலிண்டரின் கொள்ளளவு 31 மி.லி.; 4 பாரில் அது நிரம்ப, வெளிக்காற்றின் 1 பாரும் சேர்வதால், வெளிக்காற்றில் ஐந்து மடங்கு, ஏறத்தாழ 157 மி.லி. செலவாகும். போய்த் திரும்ப 300 மி.லி. என்றால், 30 முறைக்கு 9 லிட்டர். 8 பாரில் நிரப்பிய 1 லிட்டர் தொட்டி, 4 பாருக்கு இறங்குவதற்குள் 4 லிட்டர் தந்துவிடும். மீதி 5 லிட்டரை ஈடுகட்டச் சிறியதே போதும். பட்டறைக் கம்ப்ரஸரைத் தூக்கி வைக்க ஆசைப்பட வேண்டாம்.

மறுமொழி 2:
கணக்கு சரிதான். ஆனால் பெட்டியில் அச்சிட்டிருக்கும் லிட்டர் அளவு பெரும்பாலும் எதிரழுத்தமின்றிக் கிடைப்பது; 8 பாரை நெருங்கும்போது வெகுவாகக் குறையும், மோட்டாரும் சூடேறும். எத்தனை நிமிடம் தொடர்ந்து ஓடலாம் என்பதைப் பார்த்து வாங்குங்கள். அழுத்த சுவிட்சும் பாதுகாப்பு வால்வும் கட்டாயம்.

கேட்டவர்:
மிக்க நன்றி ஐயா. தொட்டிக்குப் பி.வி.சி. குழாய் ஆகுமா?

மறுமொழி 1:
கூடவே கூடாது. காற்றழுத்தத்தில் அது வெடித்தால் சில்லுகளாகச் சிதறும்.