தேன், சோயா கிளேஸ் ட்ரேயில் கருகுகிறது, சால்மன் மேல் ஒட்டவே இல்லை. என்ன பிழை?

மழைத்துளி (ஸ்காபரோ):

வணக்கம். வேலையால் வீட்டுக்கு வர ஆறு மணியாகிவிடும். ஏழு மணிக்குள் இரண்டு பிள்ளைகளுக்கும் மாமிக்கும் சாப்பாடு வைக்க வேண்டும். கிழமை நாளில் மீன் குழம்பு வைத்து, புட்டும் அவித்துக்கொண்டு நிற்க நேரமில்லை. அதனால் தேனும் சோயா சோஸும் பூசி ஓவனில் வைக்கும் சால்மனைப் பழகலாம் என்று தொடங்கினேன். மூத்தவன் நண்பன் வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்து ஆசையாகக் கேட்ட சாப்பாடு இது. அங்கே மீன் மேலே கண்ணாடி மாதிரி மினுங்கியதாம். அந்த மினுங்கும் பூச்சைத்தான் கிளேஸ் என்கிறார்கள்.

நான் செய்வது இப்படி. காலையில் அரைக் கப் சோயா சோஸ், நாலு மேசைக்கரண்டி தேன், ஐந்து பல் உள்ளி நசுக்கியது, ஒரு தேசிக்காயின் புளி எல்லாம் கலந்து, மீனை அதற்குள் ஊறப்போட்டு ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுப் போவேன். மாலையில் அலுமினியத் தாள் விரித்த ட்ரேயில் மீனை அடுக்கி, மிச்சக் கலவையை மேலே ஊற்றி, 425 ஃபாரன்ஹீட்டில் 20 நிமிடம்.

மூன்று தரம் செய்தேன். மூன்று தரமும் கலவை எல்லாம் ட்ரேக்கு ஓடி, ஓரத்தில் தார் மாதிரிக் கருகி, புகை அலாரம் அடித்தது. மீனின் மேற்பக்கமோ வெளிறிப்போய் இருந்தது. பக்கங்களில் தயிர் மாதிரி வெள்ளையாக ஏதோ வடிந்து நின்றது. உள்ளே வறண்டு, உப்பும் கூடிவிட்டது. கடைசித் தரம் நிறம் வரட்டும் என்று புரொயிலில் (ஓவனின் மேல் கம்பி மட்டும் கடும் சூடாகும் முறை) வைத்தேன், உள்ளி கசந்துவிட்டது. மீன் விலைக்கு இனியும் வீணாக்க மனம் வரவில்லை. எங்கே பிழைக்கிறது?

அடுப்பங்கரை (வான்கூவர்):

தங்கச்சி, முதலில் இதைச் சொல்லுங்கள். மீன் கடும் சிவப்பா, வெளிர் செம்மஞ்சளா? தடித்த இடத்தில் எத்தனை அங்குலம் வரும்? பாக்கெட்டில் என்ன பெயர்?

மழைத்துளி:

கடும் சிவப்பு அக்கா. ஃபுரோசன் பாக்கெட், வைல்ட் சாக்ஐ என்று போட்டிருக்கிறது. தடித்த இடமே முக்கால் அங்குலம்தான். வால் பக்கம் அரை அங்குலமும் இல்லை.

அடுப்பங்கரை:

அப்படியென்றால் பாதி விடை அந்தப் பாக்கெட்டிலேயே இருக்கிறது. சாக்ஐ கடலில் தானாக வளர்ந்த மீன். எங்கள் பக்கம் ஃபிரேசர் ஆற்றில் முட்டையிட ஏறி வருவது இதுதான். கொழுப்புக் குறைவு, துண்டு மெல்லிது. கடையில் செம்மஞ்சளாகத் தடித்துக் கிடக்கிறதே பண்ணையில் வளர்த்த அட்லாண்டிக் சால்மன், அது கொழுத்த மீன், கொஞ்சம் கூட வெந்தாலும் பொறுக்கும். சாக்ஐ பொறுக்காது. கனடாவில் பழைய கணக்கு ஒன்று உண்டு: மீன் மிகத் தடித்திருக்கும் இடத்தில் ஒரு அங்குலத்துக்கு 10 நிமிடம், அதுவும் நல்ல சூடான ஓவனில். அந்தக் கணக்கில் உங்கள் துண்டுக்கு 7, 8 நிமிடம் போதும். நீங்கள் 20 வைத்திருக்கிறீர்கள். அந்த வெள்ளைத் தயிரும் அதனால்தான். அது அல்புமின் என்ற புரதம். மீன் தசை சூட்டில் இறுகும்போது பிழிந்து வெளியே வந்து உறைகிறது. சாப்பிட்டால் ஒன்றும் செய்யாது, ஆனால் அது நிறைய வந்தால் மீன் கூட வெந்துவிட்டது என்று அர்த்தம்.

அடுத்தது ஊறவைத்தது. பத்து மணி நேரம் சோயா சோஸுக்குள் கிடந்தால் மீன் கருவாட்டுப் பக்கம் போகத் தொடங்கிவிடும். உப்பு தண்ணீரை இழுக்கும், தேசிக்காய்ப் புளி மேற்பரப்பை அடுப்பில்லாமலே வேகவைத்துவிடும். இந்த மீனுக்கு 20 நிமிட ஊறல் போதும். உண்மையைச் சொன்னால், அதுவும் தேவையில்லை.

இனி கிளேஸ். நீங்கள் ஊற்றியது கிளேஸ் இல்லை, ஊறல் தண்ணீர். அது நீர்த்தன்மையாக இருக்கும், மீனும் வேகும்போது தண்ணீர் விடும், இரண்டும் சேர்ந்து சரிந்து ட்ரேக்கு ஓடும். அங்கே மெல்லிய படலமாகப் பரவிக் கிடப்பதால் தண்ணீர் உடனே வற்றி, சீனி மட்டும் மிஞ்சிக் கருகும். தேனில் உள்ள ஃபுருக்டோஸ் சாதாரண சீனியைவிடக் குறைந்த சூட்டிலேயே நிறம் மாறத் தொடங்கும். அதனால் தேன் கலந்த எதையும் ஓவனில் நீண்ட நேரம் விடக்கூடாது.

மீனையும் கிளேஸையும் தனித்தனியாகச் சமையுங்கள். கடைசி இரண்டு மூன்று நிமிடம்தான் இரண்டும் சேர வேண்டும். நாலு துண்டுக்கு நான் எடுப்பது: உப்புக் குறைந்த சோயா சோஸ் 3 மேசைக்கரண்டி, தேன் 2, தண்ணீர் 2, துருவிய இஞ்சி ஒரு தேக்கரண்டி, முழுதாகத் தட்டிய உள்ளி ஒரு பல். சின்னச் சட்டியில் மிதமான சூட்டில் நாலைந்து நிமிடம் கொதிக்கட்டும். கரண்டியின் பின்பக்கத்தில் படிந்து, விரலால் கோடு இழுத்தால் கோடு நிற்க வேண்டும். அந்தப் பதத்தில் உடனே இறக்குங்கள், ஆற ஆற இன்னும் இறுகும். உள்ளியை எடுத்து எறிந்துவிட்டு, இறக்கிய பிறகுதான் தேசிக்காய்ப் புளி விட வேண்டும். இறுகிவிட்டால் ஒரு கரண்டி வெந்நீர் விட்டுக் கலக்குங்கள், சரியாகிவிடும்.

மீனைக் கடதாசித் துவாயால் நன்றாக ஒற்றி எடுங்கள். ஈர மீனில் எதுவும் ஒட்டாது. கொஞ்சம் எண்ணெய் தடவி, உப்புப் போடாமல், தோல் கீழே இருக்கும்படி 400 ஃபாரன்ஹீட்டில் 6 நிமிடம். வெளியே எடுத்து மேலே ஒரு பூச்சு, மீண்டும் 2 நிமிடம். எடுத்ததும் இன்னொரு பூச்சு. அந்தக் கடைசிப் பூச்சு ஓவனுக்குள் போகாது, மினுக்கம் வருவது அதில்தான்.

பச்சை மீன் ஊறிய கலவையை நன்றாகக் கொதிக்க வைக்காமல் பூச்சுக்கு எடுக்க வேண்டாம்.

நெய்தல் (ஒஸ்லோ):

அக்கா சொன்னதெல்லாம் சரி. நான் இங்கே வடக்கில் ஃபின்மார்க்கில் மீன் தொழிற்சாலையில் பல வருடம் நின்றவன். அந்தக் காலத்தில் நோர்வேக்கு வந்த எங்கள் ஆட்கள் நிறையப் பேருக்கு முதல் வேலையே அங்கேதான். அதனால் மீனைப் பற்றி இரண்டு வார்த்தை.

அல்புமின் குறைய வேண்டுமென்றால் ஒரு லீட்டர் தண்ணீரில் 50 கிராம் உப்புக் கரைத்து, அதில் மீனை 10 நிமிடம் மட்டும் போட்டு எடுத்து, நன்றாக ஒற்றிவிட்டு வையுங்கள். வெள்ளை வடிவது நன்றாகக் குறையும். அப்படிச் செய்தால் கிளேஸில் சோயா சோஸை இன்னும் குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் உப்புக் கூடிவிடும்.

பிள்ளைகள் சாப்பிடுவதால் முள்ளையும் பாருங்கள். துண்டின் நடுவே விரலை ஓட்டினால் வரிசையாக முள் தட்டுப்படும். சின்னக் குறடால் முள் சாய்ந்திருக்கும் பக்கமாகவே இழுக்க வேண்டும், நேரே மேலே இழுத்தால் தசை கிழியும். மீன் மிகப் புதிதாக இருந்தால் முள் இறுகப் பிடித்துக்கொண்டு நிற்கும், சில நாள் போனால்தான் லேசாகக் கழன்று வரும். முள் வரவில்லை என்றால் மீன் கூடாது என்று நினைக்க வேண்டாம்.

வெந்ததா என்று நேரத்தை மட்டும் நம்பிப் பார்க்க வேண்டாம். ஒரு தெர்மோமீட்டர் வாங்கி, தடித்த இடத்தில் பக்கவாட்டில் குத்திப் பாருங்கள். நான் 52 செல்சியஸில் எடுத்துவிடுவேன், உள்ளே பட்டு மாதிரி இருக்கும்.

அடுப்பங்கரை:

தம்பி, உங்களுக்கு 52 சரி. தங்கச்சி வீட்டில் சின்னப் பிள்ளைகளும் வயதானவரும் இருக்கிறார்கள். ஹெல்த் கனடா மீனுக்குச் சொல்வது 70 செல்சியஸ். நான் அவர்களுக்கு அதைத்தான் சொல்வேன். 66, 67 வரும்போது எடுத்துத் தாளால் மூடி வைத்துவிட்டு, உள்ளேயுள்ள சூட்டிலேயே 70ஐத் தொடுகிறதா என்று திரும்பக் குத்திப் பாருங்கள். தொடாவிட்டால் இன்னொரு நிமிடம் ஓவனில். 70 வரை போகும் வீட்டுக்கு சாக்ஐ சரிவராது, கட்டாயம் வறளும். பண்ணை அட்லாண்டிக் வாங்குங்கள், அதிலுள்ள கொழுப்பு காப்பாற்றும்.

நெய்தல்:

அதுவும் நியாயம்தான். வயதானவர் இருக்கிறார் என்பதைக் கவனிக்காமல் எழுதிவிட்டேன்.

மழைத்துளி:

இவ்வளவு விவரமாகச் சொன்னதற்கு இருவருக்கும் நன்றி. மாமிக்குப் பிரஷரும் இருக்கிறது, அதனால் உப்பு விஷயம் எனக்கு முக்கியம். புரொயில் போடவே கூடாதா? ட்ரேயில் பேக்கிங் தாள் விரிக்கலாமா?

அடுப்பங்கரை:

பிரஷர் என்றால் சோயா சோஸை எண்ணித்தான் எடுக்க வேண்டும். சாதாரண சோயா சோஸ் ஒரு மேசைக்கரண்டியில் கிட்டத்தட்ட 900 மில்லிகிராம் சோடியம். நீங்கள் விட்ட அரைக் கப் எட்டு மேசைக்கரண்டி! உப்புக் குறைந்தது 2 கரண்டி எடுத்து, மிச்சத்துக்குத் தோடம்பழச் சாறு விடுங்கள். மாமியின் துண்டுக்கு ஒரு பூச்சு மட்டும் போதும்.

புரொயில் போடலாம், ஆனால் கடைசி ஒரு நிமிடம், கதவுக்குப் பக்கத்திலேயே நின்று. ட்ரே மேல் கம்பியிலிருந்து ஆறு அங்குலமாவது கீழே இருக்கட்டும். பேக்கிங் தாளைப் புரொயிலுக்குக் கீழே வைக்கவே வேண்டாம், தீப்பிடிக்கும். அலுமினியத் தாளில் எண்ணெய் தடவி வைப்பது நல்லது. மீனை எடுக்கும்போது தோல் தாளோடு ஒட்டிக்கொண்டு நின்றால் விட்டுவிடுங்கள், சதை மட்டும் அழகாகக் கழன்று வரும்.

குளத்தங்கரை (சிங்கப்பூர்):

ஓவன் இல்லாதவர்களுக்காக: நான்ஸ்டிக் சட்டியில் தோல் பக்கம் கீழே வைத்து, முதல் அரை நிமிடம் கரண்டியால் அழுத்திப் பிடித்து, 5 நிமிடம் அப்படியே விடுங்கள். பக்கவாட்டில் நிறம் வெளிறிக்கொண்டே மேலேறுவது தெரியும். முக்கால்வாசி ஏறியதும் திருப்பி ஒரு நிமிடம். சட்டியில் உள்ள எண்ணெயைத் துடைத்துவிட்டு, கிளேஸை ஊற்றி, கரண்டியால் அள்ளி அள்ளி மீன் மேல் விடுங்கள். ஒரு நிமிடத்தில் சுருண்டு பிடித்துக்கொள்ளும். ஜப்பானியர் தெரியாக்கி செய்வது இந்த வழியில்தான். அந்தப் பெயரில் உள்ள ‘தெரி’ என்ற சொல்லுக்கே மினுக்கம் என்றுதான் பொருள்.

மழைத்துளி (ஐந்து நாள் கழித்து):

நேற்றுச் செய்தேன். பண்ணை அட்லாண்டிக், ஒரு அங்குலத்துக்குக் கொஞ்சம் கூடத் தடிப்பு. ஊறவைக்கவில்லை. ஓவன் சூடாகிற நேரத்தில் கிளேஸ் காய்ச்சி முடித்துவிட்டேன், ஒரு பக்கம் சோறும் ப்ரொக்கலியும். 400இல் 9 நிமிடம், பூச்சு, பிறகு 3 நிமிடம், கடைசியில் இன்னொரு பூச்சு. தெர்மோமீட்டர் 67 காட்டியது, மூடி வைத்து நாலு நிமிடத்தில் 70. அலாரம் அடிக்கவில்லை. ட்ரேயில் ஒரு கரண்டி அளவுதான் ஓடியிருந்தது. மேலே உண்மையாகவே மினுங்கியது, மூத்தவன் விரலால் தொட்டுப் பார்த்தான். வெள்ளை கொஞ்சம் வந்தது, அடுத்த முறை உப்புத் தண்ணீர் செய்து பார்ப்பேன். ஆறே முக்காலுக்கு எல்லோரும் மேசையில்.

மாமி ஒன்று கேட்டார். ஊரில் நாங்கள் செமன் என்று சொன்னது டின் மீனைத்தானே, அதுவும் இதுவும் ஒன்றா என்று. அவருக்கு என்ன சொல்வது?

நெய்தல்:

பெயர் சால்மனிலிருந்து வந்ததுதான். ஆனால் ஊரில் அந்தப் பெயரில் வாங்கிய டின்னுக்குள் பெரும்பாலும் இருந்தது மக்கரல். அதனால்தான் மாமிக்கு ருசி வேறாகத் தெரிகிறது.

நுங்கு (சென்னை):

குறுக்கே வந்ததற்கு மன்னிக்கவும். இங்கே மீன் கடையில் காலா மீனை ‘இண்டியன் சால்மன்’ என்று சொல்லி விற்கிறார்கள். அதில் இதைச் செய்தால் வருமா? நார்வே சால்மன் வாங்கக் கட்டுப்படி ஆகாது.

அடுப்பங்கரை:

காலாவுக்கும் சால்மனுக்கும் உறவே இல்லை, பெயர் மட்டும்தான் அப்படி. வெள்ளைச் சதை, கொழுப்பு குறைவு. ஆனால் நல்ல மீன், கிளேஸ் அதற்கும் பொருந்தும். ஓவன் வேண்டாம், மேலே சிங்கப்பூர்க்காரர் சொன்ன சட்டி முறையில், எண்ணெய் கொஞ்சம் தாராளமாக விட்டுச் செய்யுங்கள். வஞ்சிரத் துண்டிலும் வரும். தேனுக்குப் பதில் கருப்பட்டியைக் கரைத்து வடிகட்டி, சோயா சோஸில் பாதியைக் குறைத்து ஒரு தேக்கரண்டி கெட்டிப் புளிக்கரைசலும் ஒரு சிட்டிகை மிளகாய்த் தூளும் சேர்த்துப் பாருங்கள். நான் யாழ்ப்பாணத்துப் பனங்கட்டியில் அப்படிச் செய்வேன், சால்மனுக்கும் அதுதான் எனக்குப் பிடித்தது. பதம் மட்டும் அதேதான்: கரண்டியின் பின்னால் கோடு நிற்க வேண்டும்.

நுங்கு:

கருப்பட்டி வீட்டில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காசிமேடு போய் மீன் வாங்கி வந்து, செய்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.