வளைவில் அடித்த சினூக்

கனடாவின் ஸ்காபரோவில் புளஃபர்ஸ் பார்க்கிலிருந்து ஒன்ராறியோ ஏரிக்குள் ட்ரோலிங் (ஓடும் படகின் பின்னால் தூண்டிலை இழுத்து மீன்பிடிப்பது) போகிறவர்கள் ஸ்பூன் என்கிற தகட்டுப் போலி இரையின் நிறத்தைப் பற்றித்தான் அதிகம் கதைப்பார்கள். பச்சையா, வெள்ளியா, இருட்டில் ஒளிர்வதா என்று. என்னைக் கேட்டால் நிறம் மூன்றாவதுதான். முதலில் ஆழம், அடுத்தது வேகம்.

போன ஆகஸ்டில் நண்பர் ஒருவரின் படகில் விடியுமுன்னே இறங்கினோம். அதற்கு முன் சில நாட்களாக மேற்குக் காற்று பலமாக அடித்திருந்தது. வடகரையில் அப்படி அடித்தால் மேலே கிடக்கும் சூடான தண்ணீர் தெற்கே விலகும், அடியிலுள்ள குளிர்நீர் கரைப்பக்கம் எழும்பும். சினூக் சால்மன் தேடுவது 11, 12 பாகை செல்சியஸ் தண்ணீரை. கோடையில் அதற்காக நல்ல ஆழத்துக்கு ஸ்பூனை இறக்க வேண்டிவரும். அன்றைக்கு 45 அடியிலேயே அது கிடைத்தது.

ஸ்பூனை ஆழத்துக்கு இறக்குகிற டவுன்ரிகர் கருவியைப் பாவிக்காதவர்களுக்கு: எஃகுக் கம்பியின் நுனியில் பத்துப் பன்னிரண்டு இறாத்தல் ஈயக் குண்டு, பக்கத்தில் ஒரு கவ்வி. தூண்டில் நூலைக் கவ்வியில் மாட்டிக் குண்டை இறக்கினால் தடி வளைந்து நிற்கும். மீன் அடித்ததும் கவ்வி நூலை விட்டுவிடும், தடி சடாரென்று நிமிரும். அதைப் பார்க்கத்தான் நித்திரையைக் கெடுத்துக்கொண்டு வருகிறோம்.

சூரியன் வந்து நெடுநேரமாகியும் ஒன்றும் நிமிரவில்லை. ஜிபிஎஸ் மணிக்கு 2.4 மைல் என்று காட்டிக்கொண்டிருந்தது, வழக்கமாக மீன் அடிக்கும் வேகம்தான். வேறொரு படகுக்கு வழிவிட இடப்பக்கம் வளைத்தபோது வலப்பக்கத் தடி நிமிர்ந்தது. அந்த மீன் கழன்றுவிட்டது. அடுத்த வளைவிலும் வெளிப்பக்கத் தடிதான்.

படகு வளையும்போது வெளிப்பக்கத்து ஸ்பூன் வேகம் பிடிக்கும், உட்பக்கத்தது தளர்ந்து கொஞ்சம் தாழும். அப்படியென்றால் கீழே எங்கள் ஸ்பூன்கள் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தன. மேலே ஒரு நீரோட்டம், 45 அடியில் இன்னொன்று. ஜிபிஎஸ்ஸுக்கு அது தெரியாது. குண்டருகே வேகம் அளக்கிற கருவி விற்கிறார்கள், விலை அதிகம். வளைந்து பார்ப்பதற்குக் காசில்லை. 2.8க்கு ஏற்றினோம். அப்புறம் நேர்கோட்டிலேயே அடித்தது.

ரீல் அலற நூல் ஓடியது. ஓட்டம் நின்று சுற்றத் தொடங்கினால் நூலெல்லாம் நீர்த்தெள்ளு என்கிற நுண்ணிய நீர்ப்பிராணிகள்! ஈரப் பஞ்சு போல கொழகொழவென்று திரண்டு தடி நுனி வளையத்தை அடைத்துவிட்டது. இவற்றின் நீண்ட வாலில் கொக்கி இருக்கும். கருங்கடல், கஸ்பியன் பக்கத்துப் பிராணி, கப்பல்கள் நிலைதளும்பாமல் இருக்க ஏற்றும் பலாஸ்ட் தண்ணீரோடு வந்து 1998இல் இந்த ஏரியில் கண்டுபிடிக்கப்பட்டது. நண்பர் நுனியைப் பிடித்து நகத்தால் வழிக்க வழிக்க நான் சுற்றினேன். இப்போது தடித்த 30 இறாத்தல் நூல்தான் போடுகிறேன், அதில் கொஞ்சம் குறைவாகத்தான் ஒட்டுகிறது.

வலையில் ஏறியது 22 இறாத்தல் சினூக். கறுத்த பல்முரசு, வால் முழுக்கப் புள்ளி, விலாவில் காசளவு வட்டத் தழும்பு. மீனில் ஒட்டி இரத்தம் குடிக்கிற, விலாங்கு போன்ற லாம்ப்ரே ஒட்டிக் குடித்த இடம். சினூக்கும் வந்தேறிதான். பசிபிக்கிலிருந்து கொண்டுவந்து 1960களின் கடைசியிலிருந்து விட்டு வளர்க்கிறார்கள். ஏரிக்கே சொந்தமான அட்லாண்டிக் சால்மன் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே அழிந்துபோனது.

சாப்பாட்டு விஷயம் கேட்பீர்கள். செப்டம்பரில் ஆற்றுவாயில் பழுப்பேறி நிற்பதை விட்டுவிடுங்கள், சதை வெளிறி ருசி கெட்டிருக்கும். எங்களுடையது இன்னும் வெள்ளியாகத்தான் இருந்தது. ஆனால் பெரிய மீனில் மாசும் கூட. ஒன்ராறியோ அரசு எந்த நீர்நிலையில், எந்த மீனை, எந்த நீளத்தில், மாதம் எத்தனை வேளை சாப்பிடலாம் என்று வழிகாட்டி வைத்திருக்கிறது, பார்த்துவிட்டு வெட்டுங்கள். பிசிபி போன்ற தொழிற்சாலை இரசாயனங்கள் கொழுப்பில்தான் சேரும் என்பதால் வயிற்றுப் பக்கத்தை நறுக்கி எறிந்துவிட்டோம். குழம்புக்கு அதுதான் நல்ல துண்டு என்று நண்பரின் அம்மா இன்னும் எங்களை ஏசுகிறார்.