அறப்பணி நிகழ்ச்சியால் நிறுவனத்துக்கு ஊடகங்களில் கட்டணமின்றிக் கிடைத்த செய்தி: உங்கள் அனுபவத்தைப் பகிருங்கள்

மூக்குக்கண்ணாடிக் கடை ஊழியர்:

எங்கள் கடை நடத்திய இலவசக் கண் பரிசோதனை முகாமில் நடந்தது இது. நாளிதழ்களுக்குச் செய்திக்குறிப்பு, அழைப்பு எல்லாம் வழக்கம்போலத்தான். புகைப்படக்காரர் உள்ளே நுழைந்தபோது, புதுக் கண்ணாடி அணிந்த ஒரு மூதாட்டி, சுவரில் மாட்டியிருந்த எழுத்துப் பலகையை யாரும் கேட்காமலேயே மேலிருந்து கீழாகப் படித்துக்கொண்டிருந்தார். அவரை நிறுத்தி, கண்ணாடியைக் கழற்றச் சொல்லி, முதலாளி தம் கையால் அணிவிப்பதுபோல் படம் எடுத்தார்கள். வெளிச்சம் போதவில்லை என்று மறுபடியும் கழற்றச் சொன்னார்கள். அதன்பின் அவர் என் பக்கம் திரும்பி, "இனிமே நானே போட்டுக்கலாமா தம்பி?" என்று கேட்டார். மறுநாள் செய்தி வந்தது. அதைப் பார்த்துவிட்டுப் புதிய வாடிக்கையாளர்களும் வந்தார்கள். ஆனால் அவர் வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்த அந்த நேரம் எந்தப் படத்திலும் இல்லை என்பது இன்றும் என்னை உறுத்துகிறது.

முன்னாள் நிருபர்:

புகைப்படக்காரர்மீது மட்டும் பழி போடுவதை நான் ஏற்கவில்லை. ஒரே மாலையில் பல நிகழ்ச்சிகளுக்கு ஓட வேண்டிய அவருக்கு, கண்ணாடி வழங்கும் நேரத்தை முன்கூட்டிச் சொல்ல வேண்டியவர்கள் ஏற்பாட்டாளர்கள்தான். ஒரு நிறுவனம் புத்தகப்பை வழங்கிய விழாவுக்கு நான் போயிருந்தேன். மேடையில் உரைகள் நீண்டுகொண்டே போக, கடைசி வரிசையில் ஒரு சிறுமி பையைத் திறந்து, ஒவ்வொரு குறிப்பேட்டிலும் தன் பெயரை எழுதி முடித்துவிட்டாள். அவளைத்தான் நான் எழுதினேன். உரைகளில் ஒரு வரியும் அச்சேறவில்லை.

செய்தி வேண்டுவோர் சிலவற்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். செய்திக்குறிப்பு ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. யார், எதை, எங்கே, எப்போது, யாருக்காகச் செய்கிறார்கள் என்பது முதல் பத்தியிலேயே வந்துவிட வேண்டும். நிறுவனர் வரலாற்றை அதில் எழுதாதீர்கள், நாளிதழின் உதவி ஆசிரியர் முதலில் வெட்டுவது அதைத்தான். இரவில் நடக்கும் விழாவின் செய்தி, நாளிதழின் பக்கங்கள் முடிந்த பிறகு வந்து சேரும் என்பதால், காலை நேரமே நல்லது. குறிப்பில் கொடுக்கும் தொலைபேசியை அன்று முழுவதும் ஒருவர் எடுத்துப் பேச வேண்டும். படத்தில் இருப்பவர்களின் பெயர்களை இடமிருந்து வலமாக எழுதிக் கொடுங்கள். பின்னால் கட்டும் பெரிய பதாகையைப் படத்திலிருந்து நறுக்கிவிடுவார்கள். தொண்டர்களின் சட்டையில் சிறியதாக உள்ள நிறுவனப் பெயரை அப்படி நறுக்க முடியாது. வெளியிடுவதற்கு முன் செய்தியைக் காட்டும்படி மட்டும் தயவுசெய்து கேட்காதீர்கள்.

தொண்டு அமைப்பின் பொருளாளர்:

மேலே உள்ளவை அனைத்தும் செய்தி வருவதற்கான வழிகள். பணம் வந்ததா என்று ஒருவரும் கேட்கவில்லை. எங்களுக்கு மேடையில் ஆளுயர அட்டைக் காசோலை ஒன்றை வழங்கிய நிறுவனத்தின் படம் நாளிதழில் வந்தது. அந்த அட்டை எங்கள் அலுவலகச் சுவரில் பல மாதங்கள் சாய்ந்து நின்ற பிறகே உண்மையான தொகை வந்தது; அதுவும் அட்டையில் எழுதியதைவிடக் குறைவு. இடையில் எங்கள் பயனாளி ஒருவரின் தாய் அதைச் சுட்டிக்காட்டி, "இவ்வளவு வந்தும் ஏன் மருந்து இல்லை?" என்று கேட்டபோது என்னிடம் பதில் இல்லை.

1983-இல் கடன் அட்டை நிறுவனமான அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் சுதந்திர தேவி சிலையின் சீரமைப்புக்காக, தன் அட்டையை ஒவ்வொரு முறை பயன்படுத்தும்போதும் ஒரு சென்ட், புதிய அட்டை ஒவ்வொன்றுக்கும் ஒரு டாலர் என்று வெளிப்படையாக அறிவித்துச் சுமார் 17 லட்சம் டாலர் திரட்டியது. அட்டைப் பயன்பாடும் உயர்ந்தது. யாருக்கும் புரியும் எளிமையான கணக்கு அது. நீங்களும் தொகையையும் அதை வழங்கும் நாளையும் எழுத்தில் கொடுத்துவிட்டு, அதற்குப் பிறகு நிருபரை அழையுங்கள்.

அச்சக உரிமையாளர்:

பொருளாளர் சொல்வது பெரிய நிறுவனங்களுக்குப் பொருந்தும். பணமாகக் கொடுக்க வசதியில்லாத எங்களைப் போன்றவர்கள் இடத்தையும் ஆட்களையும் கொடுக்கலாம். உலகக் குருதிக்கொடையாளர் நாளான ஜூன் 14-ஐ ஒட்டி எங்கள் அச்சகக் கூடத்தில் இரத்ததான முகாம் நடத்தினோம். அன்று ஊடகங்கள் இத்தகைய செய்தியைத் தாமாகவே தேடும் என்று எண்ணித்தான் அந்நாளைத் தேர்ந்தெடுத்தோம். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் எங்களை வானொலியில் பேச வைத்தது நாங்கள் எழுதிய குறிப்பு அன்று. இரத்த வங்கியின் செவிலியர் ஒரு பையை உயர்த்திப் பிடித்து, "இதிலிருந்து பிரிக்கும் சிவப்பணுக்களை ஆறு வாரம் வரை வைத்திருக்கலாம், தட்டணுக்களோ ஐந்து நாள்தான் தாங்கும், அதற்குள் யாருக்காவது ஏற்றியாக வேண்டும்" என்றார். இரத்தம் கொடுக்க வந்திருந்த வானொலி அறிவிப்பாளர் மறுநாள் காலை அதை அப்படியே சொன்னார். எங்கள் பெயர் ஒரே ஒரு முறை வந்தது. அதைக் கேட்டு வந்தவர்களில் பெரும்பாலோர் அச்சு வேலையைப் பற்றிக் கேட்கவில்லை, அடுத்த முகாம் எப்போது என்றுதான் கேட்டார்கள். அதனால் இப்போது ஆண்டுக்கு ஒரு முகாம் என்பதை மாற்றி, மூன்று மாதத்துக்கு ஒன்று நடத்துகிறோம்.