2 மீட்டர் பேண்ட் ஹாம் ரேடியோ ஆன்டெனா, எஸ்டபிள்யூஆர் 4-லயே நிக்குது, அவசரம்

புதுஹாம்:
கிரவுண்ட் பிளேன் ஆன்டெனா கட்டினேன். மேல ஒரு கம்பி, கீழ நாலு ரேடியல் கம்பி. அளவெல்லாம் சரி. பவர் திரும்பி வர்றதைக் காட்டுற எஸ்டபிள்யூஆர் 1 கிட்ட வரணும், மேல் கம்பியை வெட்டிப் பார்த்தும் மீட்டர் முள் அசையல. நாளைக்கு மாடியில ஏத்தணும்.

கம்பிமேல்:
அளவு எத்தனை செ.மீ? எந்த அதிர்வெண்? என்ன கேபிள், என்ன கம்பி, எந்த மீட்டர்? 27 மெகாஹெர்ட்ஸ் மீட்டரை 145-ல வச்சா அது சொல்றதை நம்ப முடியாது.

பழையவால்வு:
தினம் ஒருத்தர் இப்படி. பரீட்சை எழுதினதோட படிச்சதெல்லாம் மறந்துடும் போல. டிவி கேபிள் போட்டிருப்பீங்க, 75 ஓம். ரேடியோவுக்கு 50 ஓம் வேணும். மாத்துங்க.

நாலாம்அலை:
75 ஓம் கேபிளுக்கு 1.5 வரும், 4 எப்படி வரும்? ரேடியலைக் கிடையா விட்டாக்கூட 36 ஓம், 1.4 தான். 45 டிகிரி சாய்ச்சா 50 கிட்ட. 7125-ஐ 145-ஆல வகுங்க: மேல 49 செ.மீ, ரேடியல் 51, 52.

பழையவால்வு:
ரெண்டையும் சேர்த்துப் பாருங்க தம்பி. 36 ஓமை 75 ஓம் கேபிள்ல கால் அலை நீளத்துக்கு விட்டா மறுமுனையில 156 ஓம். எஸ்டபிள்யூஆர் 3.

நாலாம்அலை:
ஒத்துக்கிறேன். ஆனா அவர் என்ன கேபிள்னே இன்னும் சொல்லலயே!

புதுஹாம்:
சாரி. ஆர்ஜி58 கேபிள், 5 மீட்டர். 145 மெகாஹெர்ட்ஸ். மேல 49, கீழ 52, சாய்ச்சிருக்கேன். விஹெச்எஃப் மீட்டர்தான். கேபிளைப் பிடிச்சா முள் ஆடுது. மோட்டார் காயில் கம்பி, சாக்கெட் மூலை ஓட்டையில திருகு போட்டு இறுக்கினேன்.

சுருள்பிரியர்:
கை பட்டு ஆடுதுன்னா, கேபிள் உறைமேல ஓடுற கரண்டை அடைக்கிற சோக் இல்லை. கேபிளை அஞ்சு சுத்து சுத்துங்க.

கம்பிமேல்:
சோக் அப்புறம். காயில் கம்பிமேல எனாமல் இருக்கு. பார்க்க வெறும் செம்பு மாதிரியே இருக்கும், எவ்வளவு இறுக்கினாலும் திருகு பூச்சுமேலதான் உட்காரும். ரேடியல் சும்மா தொங்குது, அதோட வேலையைக் கேபிள் உறை பார்க்குது. இப்ப சோக் போட்டா அதையும் அடைச்ச மாதிரி ஆயிடும்.
மல்டிமீட்டரை பீப்ல வச்சு ஒரு முனை சாக்கெட் உடம்புல, இன்னொண்ணு ரேடியலோட வெட்டின நுனியில. பக்கவாட்டுல வைக்காதீங்க, பூச்சு ஏமாத்தும். பீப் வராத கம்பியை 2 செ.மீ பிளேடால சுரண்டி, உப்புத்தாள் தேய்ச்சு, ஈயம் பூசி மாட்டுங்க. நடுப்பின்னுக்கும் உடம்புக்கும் பீப் வந்தா ஷார்ட். அதுவரைக்கும் குறைஞ்ச பவர்தான்.

புதுஹாம்:
மூணுல பீப் இல்லை. சுரண்டிட்டேன். 1.8. நன்றி!

கம்பிமேல்:
இன்னும் இறங்கணும். 49-ங்கிறது வெட்டுறதுக்கு முன்னாலயா, பின்னாலயா? 144-லயும் 146-லயும் பாருங்க. 146-ல குறைஞ்சா மேல் கம்பி கட்டையாயிடுச்சு, புதுசுதான் போடணும்.

பழையவால்வு:
கேபிளையும் மாத்திப் பார்க்கலாம்.

நாலாம்அலை:
ஆர்ஜி58 50 ஓம்தான் ஐயா.

கம்பிமேல்:
புதுஹாம், 49 முன்னாலயா பின்னாலயா?