நம்ம டீசல் மெக்கானிக் அண்ணன்: பழகியவர்கள் எழுதுங்கள்

திருச்செங்கோட்டு ரிக்காரன்

அண்ணன் தவறிப்போனதிலிருந்து பார்க்கிறவர்கள் எல்லாரும் அவரைப் பற்றி ஏதாவது ஒன்று சொல்கிறார்கள். அதையெல்லாம் ஒரே இடத்தில் எழுதி வைத்தால் அவர் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம் என்றுதான் இதை ஆரம்பிக்கிறேன். பெயர் போடவில்லை. சங்ககிரி, திருச்செங்கோடு பக்கம் லாரியோ, போர்வெல் போடும் ரிக்கோ வைத்திருப்பவர்களுக்கு யாரென்று தெரியும்.

எங்கள் ரிக் மத்தியப் பிரதேசத்தில் போர் போட்டுக்கொண்டிருந்தபோது கம்ப்ரஸர் எஞ்சின் சீராக ஓடாமல் ஏறி ஏறி இறங்கியது. அங்கிருந்த மெக்கானிக் டீசல் பம்ப்பைக் கழற்றிக் கொண்டுபோக வேண்டும் என்றார். கழற்றினால் வேலை நாள்கணக்கில் நின்றுவிடும், தண்ணீர் வருமா என்று தோட்டக்காரர் பக்கத்திலேயே நிற்கிறார், எனக்குக் கை கால் ஓடவில்லை. அண்ணனுக்குப் போன் போட்டேன். முதல் கேள்வி, "பசங்க சாப்பிட்டாங்களா? ஊட்டுக்குப் பேசினாங்களா?" எப்போதும் அதுதான் முதல் கேள்வி, அப்புறம்தான் எஞ்சின். "பம்ப்புல கை வெக்காதீங்க தம்பி. ஒரு கேன்ல டீசலை ஊத்தி மேல கட்டி, தனியா ஒரு ஹோஸ் போட்டு ஓட்டிப் பாருங்க" என்றார். கேனில் ஓட்டினால் எஞ்சின் அருமையாக ஓடுகிறது! டேங்கிலிருந்து வருகிற ஹோஸில் மயிரிழை அளவு வெடிப்பு, டீசல் வெளியே கசியவில்லை, காற்றை மட்டும் உள்ளே இழுத்துக்கொண்டிருந்திருக்கிறது. ஹோஸை மாற்றியதோடு சரியாகிவிட்டது. ஊருக்கு வந்து பணம் கொடுக்கப் போனால், "போன்ல பேசுனதுக்கெல்லாம் என்னங்க காசு" என்று வாங்க மறுத்துவிட்டார்.

வடக்கே போகிற ரிக்கோடு மெக்கானிக்காக வரச்சொல்லி அவரை எத்தனையோ பேர் கூப்பிட்டார்கள், நல்ல சம்பளம். ஒருமுறைகூடப் போகவில்லை. பிள்ளைகள் முகத்தைப் பார்க்காமல் மாதக்கணக்கில் இருக்க முடியாது என்று எல்லாரிடமும் வெளிப்படையாகவே சொல்லுவார்.

நாமக்கல் பட்டறை

நான் அவரிடம் தொழில் கற்றவன். ஸ்பேனர் பிடிக்கும் முன்னால் காது கொடுக்கச் சொல்லித்தருவார். எஞ்சின் ஐடிலில் ஓடும்போது, சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசிலுக்குப் போகிற பைப்பின் நட்டை ஒவ்வொன்றாக லேசாக லூஸ் பண்ணுவார், சத்தம் தடுமாறினால் அந்த சிலிண்டர் வேலை செய்கிறது, சத்தத்தில் ஒரு மாற்றமும் இல்லை என்றால் கோளாறு அந்த சிலிண்டரில்தான். புகையும் அப்படித்தான், கருப்பு என்றால் ஏர் ஃபில்டரையும் நாசிலையும் பார், நீலம் என்றால் ஆயில் எரிகிறது, ரிங், லைனர் பக்கம் போ என்பார். காரணம் தெரியாமல் எஞ்சினைப் பிரிக்கிறவனை அவருக்குச் சுத்தமாகப் பிடிக்காது, ஏனென்றால் அந்தச் செலவு லாரி டியூ கட்டுகிறவன் தலையில்தான் விழும்.

அவர் என்னைக் கத்தியது ஒரு நாள்தான். காமன் ரெயில் வண்டி (எல்லா நாசிலுக்கும் ஒரே குழாயிலிருந்து அதிக அழுத்தத்தில் டீசல் போகிற புது வகை) ஒன்று ஓடிக்கொண்டிருக்கும்போது பழக்கதோஷத்தில் நாசில் பைப்பில் ஸ்பேனரை வைத்துவிட்டேன். கையைத் தட்டிவிட்டார். பழைய வண்டியில் நாசில் திறப்பது ஏறக்குறைய 200 பார் அழுத்தத்தில், இதில் ஆயிரத்தைத் தாண்டும், பீய்ச்சியடிக்கும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். "உங்கம்மாவுக்கு நான் என்னடா பதில் சொல்லுவேன்" என்று நடுங்கிக்கொண்டே கத்தினார்.

2020 ஏப்ரலில் பிஎஸ் 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபோது அவர் வயதுக்காரர்கள் பலர் இனி நமக்கு வேலை இல்லை என்று ஒதுங்கினார்கள். இவர் எஞ்சின் கோளாறைக் காட்டுகிற ஸ்கேனர் வாங்கினார். அதில் வருகிற எரர் கோட் எல்லாவற்றையும் மகளை உட்கார வைத்து நோட்டில் தமிழில் எழுதிக்கொண்டார், மகளிடம் படிக்கிறோம் என்பதில் அவருக்கு அத்தனை பெருமை. வருகிற டிரைவருக்கெல்லாம் அந்த நோட்டைக் காட்டுவார்.

பக்கத்து வீட்டுப் பெண்

வண்டி விஷயம் எனக்குத் தெரியாது, வீட்டில் பார்த்ததை எழுதுகிறேன். அந்த மாமா சாயங்காலம் வந்தால் நேராக உள்ளே போகமாட்டார், வாசல் குழாயடியில் சோப்புத்தூளும் எலுமிச்சைத் தோலும் போட்டுக் கையை நகக்கண் வரைக்கும் தேய்ப்பார். அவர் வீட்டு அக்காவுக்கு இடுப்பு முடியாமல் போனபிறகு இரண்டு பெண்களுக்கும் காலையில் தலை பின்னிவிட்டது அவர்தான், அதற்காகத்தான் அந்தத் தேய்ப்பு, ரிப்பனில் கறை படக்கூடாதாம். கோணல் வகிடு எடுத்து நான் பார்த்ததே இல்லை. இராத்திரி வேலை எடுக்கமாட்டார், ஆனால் குடும்பத்தோடு வந்தவர்கள் வண்டி ரோட்டில் நின்றுவிட்டது என்றால் எந்த நேரமானாலும் எழுந்து போவார், அக்காவும் பிளாஸ்கில் டீ ஊற்றிக் கொடுத்தனுப்புவார். வைகாசித் தேருக்கு மட்டும் யார் கூப்பிட்டாலும் பட்டறை பூட்டுதான், பிள்ளைகளோடு வடம் பிடிக்கப் போய்விடுவார்.

ஒரு உதவி. வீட்டில் இருக்கிற படமெல்லாம் கல்யாணங்களில் வெள்ளைச் சட்டையோடு எடுத்தவை. பட்டறையில் அவர் வேலை செய்கிற மாதிரி படம் யார் போனிலாவது இருந்தால் பெரிய பெண்ணுக்கு அனுப்புங்கள், கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.