ஹெட்-எண்ட் சிஸ்டத்துக்கு ஒரு சொல் வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள்

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஸ்மார்ட் மீட்டர் பொருத்தப் போகும் பணியாளர்களுக்கான பயிற்சிக் கையேட்டைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். மற்றதெல்லாம் ஒருவழியாக நகர்கிறது. 'ஹெட்-எண்ட் சிஸ்டம்' வரும் இடத்தில்தான் வண்டி நின்றுவிடுகிறது, அதுவோ பக்கத்துக்குப் பக்கம் வருகிறது.

துறைக்கு வெளியே இருப்பவர்களுக்காகச் சுருக்கமாக: மீட்டர் தன் அளவுகளைத் தன் நினைவகத்திலேயே குறித்து வைத்திருக்கும். 15 நிமிடத்துக்கு ஒரு பதிவு என்றால் நாளைக்கு 96. மின் நிறுவனத்தின் மையத்தில் இருக்கும் ஒரு மென்பொருள் இவற்றை வாங்கிக்கொள்ளும். இடைவழி வானலையாகவோ மின்கம்பியாகவோ செல்பேசி வலையமைப்பாகவோ இருக்கலாம். இப்படி வாங்கிக்கொள்ளும் மென்பொருள்தான் ஹெட்-எண்ட். அதற்குப் பின்னால் மீட்டர் தரவு மேலாண்மை அமைப்பு என்று இன்னொன்று உண்டு. விட்டுப்போன அளவுகளை மதிப்பிட்டு நிரப்புவது, சந்தேகமானதைப் பிடித்து நிறுத்துவது, பில்லுக்கு அனுப்புவது எல்லாம் அதன் பாடு. இரண்டும் வேறு வேறு என்பது பெயரிலேயே தெரிந்தால் நல்லது.

பழைய வரைவில் 'தலை முடிவு அமைப்பு' என்று இருக்கிறது. படிக்கிறவன் மருத்துவரைத் தேடிப் போவான். உதவுங்கள்.

புலவர் எழுதியது:

அன்புடையீர், ஹெட்-எண்டுக்கு வருமுன் ஒன்று. 'ஸ்மார்ட் மீட்டர்' என்று எழுதிவிட்டு அதன் துணைக்கருவிக்குத் தமிழ் தேடுவது எனக்கு விளங்கவில்லை. மின்னளவி என்று தொடங்குங்கள். 'மின்மானி' என்று சிலர் உடனே வருவார்கள். மானி வடமொழி 'மானம்' வழி வந்தது, அளத்தல் என்ற பொருளில். அளவி நம்முடையது, வேர் கண்முன் நிற்கிறது. சூட்டிகை மின்னளவி. குழந்தையைச் சூட்டிகை என்று சொல்லும் வீடுகளில் இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

பள்ளி ஆசிரியை எழுதியது:

ஐயா, வெப்பமானி, அழுத்தமானி எல்லாம் பாடநூலில் வந்து தலைமுறைகள் ஆகிவிட்டன. என் மாணவர்களிடம் மானி என்றால் அளக்கும் கருவி என்று தானாகப் பிரித்துச் சொல்வார்கள். அளவி என்றால் 'அளவா, அளவியா' என்று கேட்பார்கள். அதோடு, மானியை அவ்வளவு எளிதாக வடமொழிக்குத் தாரை வார்த்துவிட வேண்டுமா? நம் கீழ்வாய் இலக்கத்தில் மா என்பது 1/20. காணி 1/80. இரண்டையும் கூட்டினால் 5/80, அதாவது 1/16, அதுதான் மாகாணி. அளவுக்கே பெயரான இந்த 'மா'விலிருந்து மானி வந்திருக்கக் கூடாதா?

புலவர் எழுதியது:

கணக்கு சரி அம்மா. சொற்பிறப்புதான் இடறுகிறது. மா என்பது பின்னத்தின் பெயர், அளக்கும் வினையின் பெயரன்று. 'னி' எங்கிருந்து வந்தது? காணி கூட அளவுதான், அதற்காகக் காணியிலிருந்து ஒரு கருவிப் பெயர் செய்வோமா? மா என்ற நிலஅளவைக்கும் இந்தப் பின்னத்துக்கும் உள்ள உறவைப் பற்றித் தனியே எழுதுகிறேன், அது பெரிய கதை.

மின்பொறியாளர் எழுதியது:

பெரிய கதையைத் தனி இழையில் வைத்துக்கொள்ளுங்கள், புண்ணியமாகப் போகும். களத்தில் ஏணி மேல் நிற்பவர் மீட்டர் என்றுதான் சொல்வார், மீட்டர் பெட்டி என்றுதான் சொல்வார். வடசொல்லே ஆனாலும் வடவெழுத்தை நீக்கி எடுத்துக்கொள்ளத் தொல்காப்பியமே வழிவிட்டிருக்கிறது. மீட்டரில் நீக்க வேண்டிய எழுத்துகூட இல்லை. அது அப்படியே இருக்கட்டும்.

ஹெட்-எண்டைப் பற்றி: நாங்கள் ஹெச்.இ.எஸ். என்றே பேசுகிறோம். மீட்டர் தொடர்பில் இல்லை என்றால் 'ஹெச்.இ.எஸ்.ஸில் வரவில்லை' என்போம். சொல் எதுவானாலும் இந்த வாக்கியத்தில் உட்கார வேண்டும், என் நிபந்தனை அவ்வளவுதான்.

நிரலர் எழுதியது:

வணக்கம். இதில் என்ன சிக்கல்? 'தலைமைச் சேவையகம்'. சேவையகம் எல்லாருக்கும் தெரிந்த சொல். ஆயிரக்கணக்கான மீட்டர்கள் கேட்கும் வாடிக்கையாளர்கள் (கிளையன்ட்), நடுவில் கேட்டதைக் கொடுக்கும் ஒரு சேவையகம் (சர்வர்). முடிந்தது.

மின்பொறியாளர் எழுதியது:

முடியவில்லை தம்பி, தலைகீழாகப் பிடித்திருக்கிறீர்கள். மீட்டர்கள் பேசும் பொது மொழி டி.எல்.எம்.எஸ்., அதன் நெறிமுறைத் தொடர் ஐ.இ.சி. 62056. அந்த நெறிமுறையில் சேவையகம் மீட்டர்தான். வாடிக்கையாளர் இடத்தில் இருப்பது ஹெட்-எண்ட். பலருக்கு முதலில் நம்ப முடிவதில்லை. ஆனால் யாரிடம் சரக்கு இருக்கிறது, யார் கேட்கிறார் என்று பாருங்கள்.

நடப்பது இதுதான். ஹெட்-எண்ட் மீட்டரோடு இணைப்பு ஏற்படுத்தித் தன்னை யாரென்று நிரூபிக்கிறது. அப்புறம் '1.0.1.8.0.255-ஐக் கொடு' என்று கேட்கிறது. இந்த ஆறு எண் வரிசை மீட்டருக்குள் இருக்கும் ஒரு பொருளின் விலாசம், இது வாங்கிய மின்சாரத்தின் மொத்த அளவைக் குறிக்கும். எந்த நிறுவனம் செய்த மீட்டராக இருந்தாலும் விலாசம் இதுவே. மீட்டர் 123456 என்று பதில் சொல்கிறது. அந்த எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. கூடவே அடுக்கு 1, அலகு 30 என்று வரும். அடுக்கு 1 என்றால் பத்தால் பெருக்கு. அலகு 30 என்றால் வாட்-மணி. ஆக 1234560 வாட்-மணி, நம் கணக்கில் 1234.56 யூனிட். அடுக்கைப் பார்க்காமல் விட்டால் பில் பத்தில் ஒரு பங்காகிவிடும்.

இதில் 'தலைமைச் சேவையகம்' என்று எழுதினால், கையேட்டின் அடுத்த அத்தியாயத்தில் 'மீட்டர் சேவையகமாக இயங்கும்' என்று வரும்போது படிப்பவர் புத்தகத்தை மூடிவிடுவார்.

நிரலர் எழுதியது:

சரி, இது எனக்குச் செய்தி. அப்படியானால் கேட்பதுதான் அதன் தொழில். 'வினவகம்' எப்படி? வினவும் அகம்.

புலவர் எழுதியது:

வினவகம் அழகு. வாழ்த்துகள். ஆனால் கேட்க வருபவர்களுக்கு விடை சொல்லும் இடத்தைத்தானே அந்தச் சொல் நினைவூட்டும்? விசாரணைச் சாளரம் போல. அகம் ஈற்றுச் சொற்களில் இந்த இடர் உண்டு. நூலகத்தில் நூல் இருக்கிறது, உணவகத்தில் உணவு இருக்கிறது, வினவகத்தில் வினவுபவன் யார் என்பது ஈற்றில் இல்லை.

மின்பொறியாளர் எழுதியது:

அதோடு ஹெட்-எண்ட் கேட்க மட்டும் செய்வதில்லை. இணைப்பைத் துண்டி, மீண்டும் கொடு, கடிகாரத்தைத் திருத்து என்று கட்டளையும் இடும். மறுபக்கம், கேட்காமலே மீட்டர் அனுப்புவதும் உண்டு. குறித்த நேரத்து அளவுகள், மூடியைத் திறந்தால் எச்சரிக்கை, இப்படி. 'வினவகம்' பாதி வேலையைத்தான் சொல்கிறது.

ஓய்வு பெற்ற பாசனப் பொறியாளர் எழுதியது:

இத்தனை நாள் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், இன்று கை சும்மா இருக்கவில்லை. ஹெட்-எண்டுக்கு நம்மிடம் ஆயத்தமாகவே ஒரு சொல் இருக்கிறது: தலைமடை. வாய்க்கால் தொடங்கும் இடம் தலைமடை, கடைசி வயல் கடைமடை. ஒரு வலையமைப்பின் இரண்டு முனைகளுக்கும் பெயர் வைத்து நெடுங்காலமாக வாழ்ந்திருக்கிறோம். ஹெச்.இ.எஸ். தலைமடை, மீட்டர் கடைமடை. வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள்: 'இந்த மீட்டர் தலைமடையில் வரவில்லை.' உட்காருகிறதா இல்லையா?

பள்ளி ஆசிரியை எழுதியது:

ஐயா, சொல் இனிக்கிறது. ஆனால் தண்ணீர் தலைமடையிலிருந்து கடைமடைக்குப் போகும். அளவுகள் கடைமடையிலிருந்து தலைமடைக்கு அல்லவா வருகின்றன? மேட்டில் நீர் ஏறுகிற கதையாகிவிடுமே.

ஓய்வு பெற்ற பாசனப் பொறியாளர் எழுதியது:

கட்டளை கீழே இறங்குகிறதே அம்மா. மேலும் ஆங்கிலச் சொல் மட்டும் என்ன வாழ்கிறது? கேபிள் தொலைக்காட்சியிலிருந்து வந்தது அது. வானலையைப் பிடித்து, கம்பி வழியே வீடுகளுக்குப் பிரித்துவிடும் நிலையத்துக்கு அங்கே ஹெட்-எண்ட் என்று பெயர். அங்கும் ஓட்டம் தலையிலிருந்து வீட்டுக்குத்தான். மீட்டர்காரர்கள் ஓட்டத்தைத் திருப்பிக்கொண்டு பெயரை மட்டும் வைத்துக்கொண்டார்கள். அவர்கள் செய்தால் மரபு, நாம் செய்தால் பிழையா?

நிரலர் எழுதியது:

இந்த வாதத்துக்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் நகரத்தில் வளர்ந்த என் போன்றவர்களுக்குத் தலைமடையும் ஹெட்-எண்டும் ஒன்றுதான், இரண்டையும் அகராதியில் பார்க்க வேண்டும். 'தலைமுனையம்' என்றால்?

மின்பொறியாளர் எழுதியது:

முனையம் என்றால் கம்பியை முறுக்கிப் பூட்டும் இடம். மீட்டருக்கு அடியிலேயே முனையப் பலகை இருக்கிறது, கையேட்டின் மூன்றாம் படமே அதுதான். 'தலைமுனையம்' என்றால் மேலே உள்ள திருகைத் தேடுவார்கள். வேண்டாம்.

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

நண்பர்களே, இன்று புதன். இடையில் வேறு இரண்டு சொற்களும் மாட்டிக்கொண்டன, சேர்த்தே கேட்டுவிடுகிறேன்.

ஒன்று, டேட்டா கான்சன்ட்ரேட்டர். பல மீட்டர்களின் அளவுகளைச் சேர்த்து ஹெட்-எண்டுக்கு அனுப்பும் நடுப்பெட்டி. வரைவில் 'தரவுச் செறிவாக்கி' என்று இருக்கிறது. இரண்டு, மின்சாரம் போகும் கணத்தில் மீட்டர் அனுப்பும் கடைசிச் செய்தி. ஆங்கிலத்தில் 'லாஸ்ட் காஸ்ப்' என்கிறார்கள்.

நிரலர் எழுதியது:

செறிவாக்கி என்றால் தரவைக் காய்ச்சி வற்ற வைப்பது போல இருக்கிறது. 'திரட்டி' என்று போடுங்கள். வலைப்பதிவுக் காலத்திலிருந்தே புழங்கும் சொல்.

மின்பொறியாளர் எழுதியது:

திரட்டிக்கு என் ஓட்டு. ஒரு குறிப்பு மட்டும் சேருங்கள்: திரட்டி எல்லா இடத்திலும் இருக்காது. செல்பேசி இணைப்புள்ள மீட்டர் நேரே ஹெட்-எண்டோடு பேசும். மின்கம்பி வழியே பேசும் மீட்டர்களுக்குத்தான் அது கட்டாயம்போல ஆகிறது, ஏனென்றால் அந்தக் குறிப்பலை மின்மாற்றியைத் தாண்டிச் செல்லத் திணறும். அதனால் மின்மாற்றியின் தாழ்வழுத்தப் பக்கத்திலேயே திரட்டியை மாட்டிவிடுவார்கள். வானலை வலையில் மீட்டர்கள் ஒன்றின் செய்தியை ஒன்று வாங்கிக் கைமாற்றித் திரட்டி வரை சேர்க்கும்.

'லாஸ்ட் காஸ்ப்': மீட்டருக்குள் ஒரு மீமின்தேக்கி இருக்கும். மின்சாரம் போனதும் அதில் மிச்சமிருப்பதை வைத்துச் 'சப்ளை போய்விட்டது' என்று ஒரு வரி அனுப்பிவிட்டு அடங்கிவிடும். யாரும் போன் செய்யாமலே எந்தப் பகுதியில் தடை என்று மையத்துக்குத் தெரிவது இதனால்தான்.

புலவர் எழுதியது:

கடைமூச்சு. வேறு சொல்லே வேண்டாம். பாசனப் பொறியாளர் ஐயாவின் கடைமடைக்கும் இணையாக நிற்கும்.

பள்ளி ஆசிரியை எழுதியது:

பயிற்சிக் கையேட்டில் கடைமூச்சா? பணியாளர் ஒருவர் கம்பத்தில் ஏறும்போது அவர் கையில் இருக்கும் புத்தகத்தில் அந்தச் சொல் வேண்டாமே. 'மின்தடை அறிவிப்பு' போதும்.

மின்பொறியாளர் எழுதியது:

அம்மா சொல்வதே சரி. ஆனால் மின்தடை அறிவிப்பு என்பது நிறுவனம் நுகர்வோருக்கு முன்கூட்டியே சொல்வது. 'மின்தடைச் சமிக்ஞை' என்றால் குழப்பம் வராது.

புலவர் எழுதியது:

'சமிக்ஞை'யா? 'க்ஞ' என்ற ஒலிக்கூட்டத்தை ஒரு தமிழ்க் கையேட்டில் அச்சிடப் போகிறீர்களா? மீட்டரை விட்டுக்கொடுத்தேன். இதை விடமாட்டேன். குறிப்பலை என்று நீங்களே மேலே எழுதியிருக்கிறீர்கள்!

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

மின்தடைக் குறிப்பு என்று போட்டுவிட்டேன். திரட்டியும் முடிந்தது. ஹெட்-எண்ட்?

பள்ளி ஆசிரியை எழுதியது:

கேட்கிறது, கட்டளை இடுகிறது, வருவதை வாங்கிக்கொள்கிறது. மூன்றுக்கும் பொது, மீட்டரோடு தொடர்பில் இருப்பது. 'தொடர்பகம்' என்றால் என்ன? 'தொடர்பு மையம்' என்று போனால் வாடிக்கையாளர் புகார் எண் என்று நினைப்பார்கள், அதனால் அகம். புலவர் ஐயா சொன்ன சிக்கலும் இங்கே இல்லை. தொடர்பகத்தில் தொடர்பு இருக்கிறது.

நிரலர் எழுதியது:

சரி. பாதுகாப்பு அத்தியாயத்திலும் ஓடுகிறதா என்று ஒரு பத்தி எழுதிப் பார்த்தேன்: 'தொடர்பகம் அனுப்பும் கட்டளை 128 பிட் சாவியால் மறையாக்கப்பட்டிருக்கும். ஒவ்வொன்றிலும் ஓர் எண்ணி (கவுன்டர்) ஏறிக்கொண்டே போகும். பழைய எண்ணியோடு வரும் கட்டளையை மீட்டர் ஏற்காது. ஆகவே யாராவது நேற்றைய துண்டிப்புக் கட்டளையைப் பிடித்து வைத்து இன்று திருப்பி அனுப்பினாலும் பலிக்காது.' தடங்கல் இல்லாமல் படிக்க முடிகிறது. 'தொடர்பகத்தில் வரவில்லை' என்பதும் உட்காருகிறது.

மின்பொறியாளர் எழுதியது:

எனக்குச் சம்மதம். களத்தில் ஹெச்.இ.எஸ். என்றுதான் தொடர்ந்து சொல்வார்கள், அதையும் சொற்பட்டியலில் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

ஓய்வு பெற்ற பாசனப் பொறியாளர் எழுதியது:

எனக்குச் சம்மதமில்லை, ஆனால் வெள்ளிக்கிழமையை என்னால் தள்ளிப்போட முடியாது. தொடர்பகம் என்றால் திரட்டியும் தொடர்பகம்தானே? அதுவும் இரு பக்கமும் தொடர்பில்தான் இருக்கிறது. எந்த முனையில் இருக்கிறது என்பதைச் சொல்லாத பெயர் பாதிப் பெயர். தலைமடையை அடுத்த பதிப்புக்கு எடுத்து வையுங்கள்.

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

நன்றி. 'மீட்டர் தொடர்பகம்' என்று எல்லா இடத்திலும் மாற்றிவிட்டேன். திரட்டியோடு குழம்பும் இரண்டு படங்களில் மட்டும் 'மையத் தொடர்பகம்'. கோப்பை இன்றிரவு அனுப்புகிறேன்.

புலவர் எழுதியது:

அனுப்புமுன் ஒன்று. 'மீட்டர்த் தொடர்பகம்' என்று ஒற்று மிக வேண்டும். நீர்த்துளி, வேர்ப்பகுதி, ஊர்ப்பொது.

மின்பொறியாளர் எழுதியது:

ஐயா, அப்படியானால் மீட்டர் பெட்டி 'மீட்டர்ப் பெட்டி' ஆகிவிடும். கையேட்டில் அது எத்தனை இடத்தில் வருகிறது என்று தெரியுமா?